முகத்துவாரம் வெட்டாத ஐப்பசி

காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிறாளோ இல்லையோ, சொர்ணம் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் ருசி பார்த்துவிடுவாள். கோட்டூர் ஆற்றங்கரையில் கீரைத் தோட்டம் வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டுதான். மற்றவர்கள் வாரத்துக்கு ஒருநாள் பார்ப்பார்கள், மறந்தும் போவார்கள். சொர்ணத்துக்கு அது தினப்படி. வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். இனித்தால் முகம் தெளியும். கரித்தால் அன்றைக்குப் பொழுது சாய்கிற வரைக்கும் அவள் பக்கத்தில் யாரும் போக முடியாது.

விஷயம் இதுதான். அடையாறு கடலில் கலக்கிற இடத்தில், கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி ஒரு மேடு போட்டுவிடும். ஆற்றின் வாய் அடைத்துப்போகும். வாய் அடைத்தால் கடல்நீர் உள்ளே வராது. கரையோரக் கிணறுகள் எல்லாம் இனிக்கும், கீரை கொழுக்கும். ஆனால் மழைக்காலத்தில் அந்த மேடு அப்படியே நின்றால் வெள்ளம் போக வழி ஏது? நேராகத் தோட்டத்துக்குள்தான் வரும். அதனால் ஐப்பசி பிறந்ததும் தோட்டக்காரர்களும் கடலோரக் குப்பத்து ஆட்களும் மண்வெட்டியோடு போய், முகத்துவாரத்தை வெட்டி ஆற்றைக் கடலுக்குத் திறந்துவிடுவார்கள். திறந்த மூன்றாம் நாளே கிணற்றில் உப்பு ஏறிவிடும். உயிர் பிழைக்க வேண்டுமென்றால் உப்பைக் குடித்துத்தான் ஆகவேண்டும் என்பது அந்தக் கரையின் ஏற்பாடு.

ஆகவே சொர்ணத்தின் வருஷமும் இரண்டாகவே பிரிந்திருந்தது. ஆடியிலிருந்து புரட்டாசிவரை நல்ல தண்ணீர். சிறுகீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று பாத்தி பாத்தியாகத் தளதளவென்று நிற்கும். விடிந்தும் விடியாமலும் கூடையைத் தலையில் வைத்து, புடவையை முழங்காலுக்குமேல் செருகி, ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து ஆற்றைக் கடந்து மந்தைவெளிப் பக்கம் ஏறுவாள். மயிலாப்பூர்த் தெருக்களில் அவளுக்கென்று வாடிக்கை வீடுகள் இருந்தன.

"சொர்ணம், நேத்திக்கு நீ குடுத்த கீரையை மசிச்சேன். வெண்ணெயா கரைஞ்சுது போ. ஆத்துல எல்லாரும் கேட்டுண்டே இருக்கா, எங்க வாங்கினேன்னு" என்பாள் ஒரு மாமி.

"தண்ணி அப்டி மாமி" என்று சொல்லும்போது சொர்ணத்துக்குத் தலைகால் புரியாது.

தை, மாசி வந்தால் அந்தப் பேச்சே கிடையாது. அப்போது கிணற்றின் மேல்தண்ணீரை மட்டும் குடத்தைச் சாய்த்து மெதுவாக மொண்டு, பாத்திக்கு ஒரு குடமாக ஊற்றி, ஏதோ நான்கு செடியை உயிரோடு வைத்திருப்பாள். குடம் சற்று ஆழமாக இறங்கினால் போதும், அடியில் கிடக்கும் உப்பு மேலே வந்துவிடும். அந்த மாதங்களில் அவள் கிணற்றடியில் நடப்பதே தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் நடப்பது மாதிரி இருக்கும்.

சொர்ணம் பயந்த சுபாவக்காரி. இப்படிச் சொன்னால் அவளே ஒப்புக்கொள்வாள். பொன்னாங்கண்ணிப் பாத்தியில் பாம்பு இருக்குமென்று பயம். சங்கிலி பிடித்து நிலம் அளக்க வருகிறவர்களைக் கண்டால் பயம். அந்தப் பக்கமெல்லாம் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, கால்சட்டை போட்ட யார் வந்தாலும் அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் அவள். மூன்றாவதாகப் பிறந்த தங்கம் ஒருத்திதான் மிஞ்சினாள். அந்தப் பெண் தும்மினாலும் தாய்க்குத் தூக்கம் போய்விடும்.

புருஷன் பொன்னுரங்கம் அதற்கு நேர்மாறு. ஆள் ஆஜானுபாகு, பேச்சு எண்ணி நான்கு வார்த்தை. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அவனுக்கு விரல்நுனியில் இருந்ததால் முகத்துவாரம் வெட்டுகிற நாளைக் குறிப்பவன் அவன்தான். "பொன்னுரங்கம் சொல்லட்டும்" என்று இரண்டு கரையும் காத்திருக்கும்.

தங்கத்தைப் பாலவாக்கத்தில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை நெடுஞ்செழியன் தென்னந்தோப்பு குத்தகை எடுத்தவன். மாதம் ஒருதரம் சொர்ணம் மகளைப் பார்க்கப் போவாள். திருவான்மியூர் வரைக்கும் பஸ், அப்புறம் சவுக்குத் தோப்பு ஓரமாக மணலில் நடை. போகும்போது கூடையில் கீரைக்கட்டு, வரும்போது அதே கூடையில் தேங்காயும் கருவாடும். தலைப்பிரசவப் பேச்சு வந்தபோது சம்பந்தி சூடாமணி ஒரே போடாகப் போட்டாள்.

"ஆத்தங்கரையில இன்னா பிரசவம்? அதுவும் மழ மாசத்துல? பொண்ணு இங்கியே கெடக்கட்டும். நீ வந்து இரு சம்மந்தி."

"தலப்பிரசவம் தாய் ஊட்லதான். ஊரு இன்னா சொல்லும்?" என்றாள் சொர்ணம். அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ அவளுக்கு வாய் வந்துவிட்டது. சூடாமணி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தாள். வளையல் அடுக்கி அழைத்து வருகிற அன்று, வயிற்றுப்பிள்ளைக்காரி நீர்நிலை தாண்டக் கூடாதே என்று வழியில் கால்வாயில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டுவிட்டுத்தான் தாண்டவிட்டாள். பழம் தண்ணீரில் மிதந்து போவதைச் சொர்ணம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மூழ்காமல் இருக்க வேண்டுமே என்று அவளுக்குக் கவலை.

இது நடந்தது எழுபத்தோராம் வருஷம். புரட்டாசிக் கடைசியில் தங்கத்துக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பார்க்க வந்த நர்சம்மா நாடி பார்த்தாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள்.

"உப்பைக் குறைக்கணும். ஊறுகாய், கருவாடு எதுவும் கூடாது. உப்பு உள்ளே போனா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேறொருத்தி என்றால் கருவாட்டுப் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்திருப்பாள். சொர்ணம் அதையும் செய்தாள். ஆனால் உப்பு என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது ஊறுகாய் அல்ல, கிணறு. ஐப்பசி பிறக்க நான்கே நாள். முகத்துவாரம் வெட்டுவார்கள். கிணறு கரிக்கும். அந்தத் தண்ணீரைத்தானே பெண் குடிக்க வேண்டும், அதில்தானே கஞ்சி காய்ச்ச வேண்டும்? மேட்டுத்தெருவில் குழாய் இருந்தது. அந்தத் தண்ணீரில் மருந்து நாற்றம் என்று சொர்ணம் அதை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. தன் கிணற்றை விட்டு இன்னொரு தண்ணீரை மகளுக்குக் கொடுப்பதென்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"யோவ், இந்த வாட்டி வாய வெட்ட வாணாம்" என்றாள் புருஷனிடம்.

பொன்னுரங்கம் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தான். "இன்னா சொல்றே? மழ வந்துகினு கீது."

"இன்னும் பதினஞ்சு நாளு. பொண்ணு பெத்துப் பொழச்சிரட்டும். உப்பு உள்ள பூந்தா ரெண்டு உசுரும் போயிடும்னு நர்சம்மா சொல்லிட்டுப் போச்சு. ஏற்கெனவே ரெண்டக் குழியில வச்சிட்டேன். என்னால முடியாதுய்யா."

அவன் மிச்சச் சோற்றைத் தின்று முடித்தான். பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்தான். மறுநாள் ஆட்கள் வந்து நாள் கேட்டபோது, "கடலு இன்னும் சரியாவல. பாத்துச் சொல்றேன்" என்றான். அவன் வாயிலிருந்து அதற்குமுன் பொய் வந்ததில்லை. அதனால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆரோக்கியமேரி மட்டும் வேலி ஓரம் வந்து நின்றாள். தனிக்கட்டை, நான்கு ஆடும் ஒரு குடிசையுமே அவளுக்குச் சொத்து.

"இன்னாக்கா, ஐப்பசி பத்தாச்சு. அண்ணன் ஒண்ணும் சொல்லலியே?"

"கடலு சரியில்லியாம்" என்றாள் சொர்ணம், அவள் முகத்தைப் பார்க்காமல். கிணறு அன்றைக்குக் கற்கண்டாக இனித்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக இனித்த தண்ணீரை அவள் துப்பினாள். ஆற்றுத் தண்ணீர் மழை இல்லாமலே கரையில் ஒரு முழம் ஏறியிருந்தது.

ஐப்பசி பதினாறாம் தேதி மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில், மேற்கே ஏரி நிரம்பி மதகைத் திறந்துவிட்டார்கள் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னதாகச் சேதி வந்தது. பொன்னுரங்கம் மண்வெட்டியையும் வடக்கயிற்றையும் எடுத்துக்கொண்டான். நான்கு பேர் அவனோடு கிளம்பினார்கள்.

"மே, பொண்ண இட்டுகினு இப்பவே மேட்டுத்தெருவுக்குப் பூடு. ஓடத் தண்ணி முட்டிக்கு வந்துட்டா தாண்டாதே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே ஓர் ஓடை உண்டு. ஆறு ஏறினால் முதலில் அந்த ஓடைதான் எதிர்த்து நிரம்பும். தோட்டம் நனைவதற்கு முன்பே வழி அடைபட்டுவிடும். கரைக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சொர்ணம் துணிமூட்டையைக் கட்டினாள், அவிழ்த்தாள், விளக்கு மாடத்துக் குங்குமத்தை எடுத்து வைத்து மறுபடி கட்டினாள்.  தங்கத்தைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஓடை ஓரம் வந்தபோது பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்மா, முடிலமா."

ஓடையில் சொர்ணம் இறங்கிப் பார்த்தாள். முட்டியைத் தாண்டித் தொடைக்கு வந்தது. அக்கரையில் மழைக்குள் ஒரு முகமும் தெரியவில்லை. கத்திப் பார்த்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆரோக்கியமேரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். தோட்டத்திலேயே உயரமான இடம் கிணற்று மேடுதான். எப்போதோ மாடு கட்டி இறைத்த காலத்தில் கொட்டிய மண். இரண்டு பெண்களும் கயிற்றுக் கட்டிலை அங்கே தூக்கிப் போட்டு, தங்கத்தைக் கிடத்தி, நான்கு கழி நட்டுச் சொர்ணத்தின் வீட்டுக் கூரையிலிருந்து கீற்றைப் பிடுங்கி மேலே கட்டினார்கள். பட்டப்பகல், ஆனால் மேகம் மூடிச் சாயங்காலம் போல இருட்டிக் கிடந்தது.

சொர்ணம் மேட்டின் சரிவில் மூன்று குச்சிகளை நட்டாள். கீழே ஒன்று, நடுவில் ஒன்று, கட்டில் காலுக்குப் பக்கத்தில் ஒன்று. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்து பயப்படுவது மேல் என்று அவளுக்குப் பட்டது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் குச்சியைப் பார்ப்பாள். சிறுகீரைப் பாத்தி போயிற்று. பொன்னாங்கண்ணி போயிற்று. கீழ்க்குச்சி கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டு நின்று, பிறகு காணாமல் போனது. தண்ணீர் ஓடி வரவில்லை, சத்தம் போடவில்லை. போக இடமில்லாமல், நின்ற இடத்திலேயே உயர்ந்துகொண்டிருந்தது. 

உச்சிப்பொழுதுக்குமேல் ஆரோக்கியமேரியின் குடிசைக் கூரை, ஒரு கோழி மேலே உட்கார்ந்திருக்க, மெல்லத் திரும்பித் திரும்பி மிதந்து போனது. மேரி அதை ஒருமுறை பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். சொர்ணத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"மேரி, நான்தாண்டி சொன்னேன். வெட்ட வாணாம்னு நான்தான் அவரு வாயக் கட்னேன். தண்ணி உப்பாயிடும், பொண்ணு குடிக்கக்கூடாதுன்னு... உன் ஊட்ட நான்தாண்டி அடிச்சிகினு போவ வச்சேன். எம்பொண்ணையும் நானே..."

"அத அப்பாலிக்கி அயுவலாம். இப்ப அவ தோளப் புடிக்கா. தல தெரிது" என்றாள் மேரி.

நடுக்குச்சியும் மூழ்கியிருந்தது. தண்ணீர் கட்டில் காலுக்கு ஒரு சாண் கீழே நின்று தளும்பியது. தங்கம் தாயின் கையைக் கடித்துக்கொண்டு முக்கினாள். குழந்தை வந்தது. பெண். ஆனால் அழவில்லை. மேரி அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். மறுபடி தட்டினாள். நீலம் பாரித்த அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டு சொர்ணம் கும்பிடத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள், மேரியின் மாதாவையும் சேர்த்து. மூன்றாவது தட்டுக்கு ஒரு கீச்சுச் சத்தம், பிறகு வீறிட்ட அழுகை. சொர்ணம் ஈர மண்ணில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தொட்டது.

மேரி தொப்புள்கொடியை அறுத்து, குழந்தையைத் துணியில் சுற்றித் தங்கத்தின் பக்கத்தில் கிடத்தினாள். மேரிதான் முதலில் கவனித்தாள்.

"யக்கா, குச்சியப் பாரு."

கட்டிலோரக் குச்சியில் தண்ணீர் இறங்கி, அதற்கு மேலே ஒரு விரல்கடை ஈரம் தெரிந்தது. சொர்ணம் நம்பவில்லை. குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். அதுவரை அசையாமல் நின்ற தண்ணீரில் சருகும் நுரையும் கிழக்குப் பார்த்து நகர ஆரம்பித்திருந்தன. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. நடுக்குச்சி தலையை நீட்டியது.

"வெட்டிட்டாங்கடி" என்று சொல்லி வாய் மூடுமுன் அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு வெள்ளத்தைத் தேக்கிவைத்துத் திறந்தால், வெட்டுகிறவன் கதி? சாதாரண நாளிலேயே கடைசி வெட்டு விழுந்ததும் மணல் காலடியில் கரைந்துவிடும் என்று பொன்னுரங்கம் சொல்லியிருக்கிறான். அதனால்தான் இடுப்பில் கயிறு. சாயங்காலம் அவனோடு போன நான்கு பேரும் ஓடையை நீந்தி வந்தார்கள். அவன் வரவில்லை. கடைசியாக வெட்டியவன் அவன்தான் என்றும், கயிறு அறுந்துபோய் அவன் வடக்குப் பக்கம் தூக்கி எறியப்பட்டதைப் பார்த்ததாகவும், அப்புறம் மழையில் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த இரவு முழுக்கச் சொர்ணம் ஓடைப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

விடிந்து நாழிகை இரண்டு ஆனபிறகு, தெருப் பக்கமிருந்து ஒரு ஆள் ஓடைச் சேற்றில் நொண்டிக்கொண்டு வருவது தெரிந்தது. ஒரு பக்கத் தொடை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. தோளில் ஒரு மண்குடம். வாயை வாழையிலைக் கிழிசலால் மூடிக் கட்டியிருந்தது. சொர்ணம் ஓடினாள். தொட்டுப் பார்த்தாள். அவன்தான்.

"புள்ள?" என்றான்.

"பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க. நீ எங்கய்யா போனே?"

"வடக்காண்ட ஒதுங்கிட்டேன். தாண்ட முடியாதே. பாலம் சுத்திகினு வந்தேன்." குடத்தை மெதுவாக இறக்கி அவள் இடுப்பில் வைத்தான். "குப்பத்துல கொடம் கேட்டு வாங்கினேன். அடையாத்துத் தெருக் கொயாயில புடிச்சேன். வாய வெட்டிட்டமே, நம்ம கெணறு கரிச்சிடும். பொண்ணுக்குக் குடிக்க நல்ல தண்ணி வோணும்னியே."

சொர்ணம் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு குடம் தண்ணீர். மேட்டுத்தெருக் குழாயில் தினமும் ஒரு நடை போய்ப் பிடித்து வந்திருக்கலாம். மேரியின் குடிசை நின்றிருக்கும். இந்த மனிதன் தொடை கிழிந்து வந்திருக்க மாட்டான். அந்தச் சின்ன முதுகு நீலம் பாரித்திருக்காது. அவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அவன் என்னவென்று புரியாமல், "கொடம் கனமா கீதா?" என்று கேட்டான்.

ஆரோக்கியமேரிக்குக் குடிசை எழும்புகிறவரை அவளும் ஆடுகளும், சுவர் விழாமல் நின்ற சொர்ணத்தின் வீட்டிலேயே இருந்தார்கள். சூடாமணி வந்து பேத்தியைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள், எலுமிச்சம்பழத்தால் வந்த புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த இரண்டு பிரசவமும் பாலவாக்கத்தில்தான். சொர்ணமே கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் இருந்தாள். குடியிருப்பு வந்து தோட்டத்தை எடுத்துக்கொள்கிற வரைக்கும், ஐப்பசி முதல் தேதி மண்வெட்டியோடு முகத்துவாரத்துக்குக் கிளம்புகிறவர்களில் முதல் ஆளும் அவள்தான். பயம் போய்விட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, அவ்வளவே.

அந்த வருஷம் வெள்ளம் வடிந்து ஒன்பதாம் நாள் காலையில் அவள் வழக்கம்போல வாளியை இறக்கினாள். ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். கரித்தது. துப்பவில்லை. ஆறு திறந்து கிடக்கிறது. உள்ளே பேத்தி அழுதுகொண்டிருந்தாள். சொர்ணம் இன்னொரு கை அள்ளி அதையும் குடித்தாள்.